“மெனு விரிகிறது” என்று கையெழுத்துப் போட்டவள்

போன வாரம் ப்ரபு போன் செய்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த அதே சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இன்று அவன்தான் டெஸ்டிங் பிரிவுக்குத் தலைவன். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது.

“அக்கா, புதுசா ஒரு டூல் வாங்கியிருக்காங்க. வெப்சைட் அட்ரஸைக் குடுத்தா போதும். கண்ணு தெரியாதவங்க, குறைபார்வை உள்ளவங்க பயன்படுத்த முடியுமான்னு அதுவே பாத்துப் பச்சை டிக் போட்டுடுது. இனிமே எதுக்கு ஒரு ஆளு உக்காந்து பாத்துக் கையெழுத்துப் போடணும்னு கேக்கறாங்க. நீங்க அந்தக் கஸ்தூரி கதையை எழுதிக் குடுங்களேன், மீட்டிங்ல வாசிக்கறேன்” என்றான்.

எழுதுகிறேன். ஆனால் கொட்டாவி விடுகிறவர்களை முதலில் வெளியே அனுப்பிவிட்டு வாசி என்று சொல்லியிருக்கிறேன்.

நான் முத்தாபுதுப்பேட்டைக்காரி. ஆவடியில் டைப்ரைட்டிங் படித்து, கம்ப்யூட்டர் வந்ததும் டேட்டா என்ட்ரிக்கு மாறி, கம்பெனிக்குள்ளேயே நகர்ந்து நகர்ந்து டெஸ்டர் ஆனவள். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. காலையில் லோக்கல் ட்ரெயின், மாலையில் லோக்கல் ட்ரெயின், நடுவில் மற்றவர்கள் செய்த பிழையைக் கண்டுபிடிக்கிற வேலை. எனக்கு ஒரு வரி புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் எழுதியவன் முகத்தைப் பார்த்தே அது எந்த இடத்தில் உடையும் என்று சொல்லிவிடுவேன். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் ஹெலன் மேடம். சங்கிலியில் தொங்கும் கண்ணாடி, நன்றாகக் கஞ்சி போட்ட காட்டன் புடவை. யார் இடத்துக்கு வந்தாலும் உட்கார மாட்டார். பின்னால் வந்து நிற்பார். நாம் “பாத்துட்டேன் மேடம், சரியா இருக்கு” என்போம். “யாரா இருந்து பாத்தீங்க?” என்று கேட்பார். கேட்கும்போது குரல் கொஞ்சம்கூட உயராது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கேள்வியே புரியாது. கண் தெரியாதவராக இருந்து பார்த்தாயா, கை நடுங்குகிறவராக இருந்து பார்த்தாயா, கம்ப்யூட்டரை முதல்முறை தொடுகிறவராக இருந்து பார்த்தாயா என்று அர்த்தம். பதில் இல்லையென்றால் “சரி, மறுபடி பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். ஒருவரையும் திட்டியதில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மேடத்திடம் ஒரு பச்சை வயர் கூடை இருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கூடையோடு ஒவ்வொரு மேஜையாக வருவார். எல்லோரும் மவுஸைக் கழற்றிக் கூடையில் போட வேண்டும். மாலை ஐந்து மணிக்குத்தான் திரும்பக் கிடைக்கும். அன்று முழுக்கக் கீபோர்டு மட்டும்தான். அதோடு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரைப் போட்டுக்கொண்டு, மானிட்டரை அணைத்துவிட வேண்டும். கண் தெரியாத ஒருவர் எங்கள் வெப்சைட்டில் எப்படிப் போவாரோ அப்படியே போய்ப் பார்க்க வேண்டும். மற்ற கம்பெனிகள் இதையெல்லாம் கனவிலும் நினைக்காத காலம் அது. கூடை வரும்போது நாங்கள் தலை நிமிர்ந்து உட்காருவோம். நம்மைப் போல் டெஸ்ட் செய்கிறவர்கள் ஊரில் யாரும் இல்லை என்ற எண்ணம் எல்லோருக்கும், எனக்கு ஒரு படி அதிகமாகவே.

அந்தத் திமிர்தான் என்னைக் கவிழ்த்தது.

வேலைக்கு ஆள் எடுக்கத் தேர்வு நடத்தும் ஒரு அமைப்புக்கு வெப்சைட் செய்து கொடுத்தோம். மேலே நீளமாக ஒரு மெனு. அதில் ‘தேர்வர் சேவை’ என்ற சொல்லின்மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோனால், கீழே திரையின் அகலத்துக்கு ஒரு பெரிய பட்டியல் விரியும். அம்பை எடுத்தால் மூடிக்கொள்ளும். அந்தப் பட்டியலின் வலது ஓரத்தில் ‘பெரிய எழுத்து வினாத்தாள் கோரிக்கை’ என்று ஒரு இணைப்பு. ப்ரபு அப்போது திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்ந்த புதிது. அழகாகச் செய்திருந்தான். நான் வெள்ளிக்கிழமை பார்த்தேன். டேப் கீயை அழுத்தினேன், போனது. என்டர் அழுத்தினேன், “விரிந்தது” என்று ஸ்கிரீன் ரீடர் சொன்னது. எஸ்கேப் அழுத்தினேன், மூடியது. அறிக்கையில் “மெனு விரிகிறது, மூடுகிறது, தேர்ச்சி” என்று எழுதி, மல்லிகா என்று கையெழுத்துப் போட்டேன்.

மூன்று மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாசலில் சத்தம். செக்யூரிட்டி ஒரு பெண்ணை மறித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும், தோளில் லேப்டாப் பை. விசிட்டர் புத்தகத்தை மூக்கில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டே கத்தினாள்.

“இந்த வெப்சைட்டு பண்ணது நீங்கதானே? அடியில உங்க பேரு போட்டுகினு கீறீங்க இல்ல? அந்த மெனுவுல எங்க கீது பெரிய எழுத்துக் கொஸ்டின் பேப்பரு? ஹெல்ப்லைன்ல கேட்டா ‘மெனுவுல இருக்கு பாருங்க, மெனுவுல இருக்கு பாருங்க’ன்றான். ஒரு வாரமா பாத்துகினு கீறேன். எங்க கீது காட்டுங்க!”

பெயர் கஸ்தூரி, ஊர் கரையான்சாவடி. பிறந்ததிலிருந்து விழித்திரையில் கோளாறு. ஒரு கண்ணில் பார்வையே இல்லை, இன்னொன்றில் கொஞ்சம். இதே தேர்வை இரண்டு முறை எழுதியிருக்கிறாள். இரண்டு முறையும் சாதாரண வினாத்தாள், பொடி எழுத்து. பாதிக் கேள்வியைப் படிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. இந்த வருஷத்தோடு வயது வரம்பு முடிகிறது. பெரிய எழுத்து வினாத்தாள் கேட்டு விண்ணப்பிக்கக் கடைசி நாள் வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி. அன்றைக்கும் சேர்த்து மூன்று நாள்.

நான் என்ன செய்தேன் என்று வெட்கப்படாமல் சொல்கிறேன். “நல்லா டெஸ்ட் பண்ணித்தான்மா குடுத்திருக்கோம்” என்றேன். “நானேதான் பாத்தேன். கண்ணு தெரியாதவங்ககூடப் பண்ணலாம்.”

“அப்ப பண்ணிக் காட்டுங்க” என்று லேப்டாப்பைத் திறந்து என் மேஜையில் வைத்தாள்.

அவள் திரையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. திரையில் இருப்பதைப் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் போட்டிருந்தாள். ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அளவு. அதனால் முழுப் பக்கமும் ஒரே நேரத்தில் தெரியாது. மவுஸ் அம்பு எங்கே இருக்கிறதோ, அதைச் சுற்றி ஒரு சின்னத் துண்டு மட்டும் தெரியும். அம்பு நகர்ந்தால் அந்தத் துண்டும் நகரும். அவள் ‘தேர்வர் சேவை’யின்மேல் அம்பை வைத்தாள். மெனு விரிந்திருக்கும். ஆனால் அவள் திரையில் இரண்டே சொற்கள் புதிதாக வந்தன, அவையும் அவளுக்கு வேண்டியவை இல்லை. அவளுக்கு வேண்டிய இணைப்போ, எங்கோ வலது பக்கத்தில், அவளுக்குத் தெரியாத இடத்தில். அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அல்லவா தேடிப் போவாள்? நான் சொன்ன பிறகு அம்பை வலது பக்கம் தள்ளினாள். பாதி வழியில் கை லேசாக மேலே போனது. மெனு மூடிக்கொண்டது. திரையில் வெறும் வெள்ளை. மறுபடி ஆரம்பத்திலிருந்து. மறுபடி வெள்ளை.

பின்னால் நின்ற ப்ரபு, “பிரவுசர்லயே பெருசாக்கிப் பாக்கலாமே?” என்றான்.

“அதுவும் பாத்துட்டேன். பெருசாக்குனா மெனுவே காணாப் போயி, எங்கியோ மூலையில மூணு கோடு வந்து நிக்குது. அது எதுக்குன்னு எனக்கின்னா தெரியும்?” அந்தக் கோடுகளை அழுத்தினால் மெனு வரும் என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை.

நான் பொறுமை இழந்து, “மவுஸை விடும்மா, டேப் கீயை அழுத்து” என்று நானே நாலு தட்டுத் தட்டி அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினேன். பத்து நொடிகூட ஆகவில்லை. பார்த்தாயா என்ற மாதிரி அவளைப் பார்த்தேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். “மேடம், எனக்குக் கண்ணு கீது. கொஞ்சமா கீது, ஆனா கீது. அத வச்சுகினு, மவுஸ வச்சுகினுதான் நான் எல்லா வேலையும் பண்றேன். நான் இன்னாத்துக்குக் கண்ணே இல்லாத மாதிரி பண்ணணும்?”

பத்து வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் மவுஸைக் கூடையில் போட்டோமே, கண் சரியில்லாதவர் என்றால் மவுஸே தொடமாட்டார் என்று எங்களுக்கு நாங்களே முடிவு செய்துகொண்டோம். முழுக்கத் தெரிகிறவரையும் பார்த்தோம், சுத்தமாகத் தெரியாதவரையும் பார்த்தோம். நடுவில் இருப்பவர் ஒருவரையும் பார்க்கவில்லை. மவுஸ் கூடைக்குள் இருக்கும்போது எப்படிப் பார்த்திருக்க முடியும்?

“சரிம்மா, இப்போ பக்கம் திறந்துடுச்சு. முதல்ல விண்ணப்பத்தைப் போட்டுடு. மெனுவை நாங்க அப்புறம் பாத்துக்கறோம்” என்றேன்.

கஸ்தூரி லேப்டாப்பை மூடினாள். “போட மாட்டேன்.”

“என்னது?”

“என்னுதப் போட்டுட்டா நீங்க நிம்மதியா டீ குடிக்கப் போயிடுவீங்க. என்ன மாதிரி பதினோரு பேரு ஒரு வாட்ஸப் குரூப்புல கீறோம். அவங்கள்லாம் அம்பத்தூருக்கு வந்துகினு இருப்பாங்களா? மெனுவ சரி பண்ணுங்க. எங்க ஊட்டுல உக்காந்து நானே போட்டுக்கறேன்.”

“இன்னா பொண்ணு நீ! இதான் உனக்குக் கடைசி சான்ஸுன்ற, வெளாடுறியா?” என்று நானும் கத்திவிட்டேன். ஆபீஸில் அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்த எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வெளியே வந்துவிட்டது.

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். “அப்ப சீக்கிரம் பண்ணுங்க, முடிஞ்சதும் போன் பண்ணுங்க” என்று தன் நம்பரை என் நோட்டில் எழுதிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டாள்.

எனக்குக் கோபம் என்றால் அப்படியொரு கோபம். அவள்மேல், ப்ரபுமேல், கூடைமேல். எல்லாவற்றையும்விட என்மேல். என் அறிக்கையின் அச்சுப் பிரதியை எடுத்து ஒருமுறை படித்தேன். “மெனு விரிகிறது, மூடுகிறது, தேர்ச்சி.” ஆத்திரத்தில் அதைச் சுருட்டி மேஜையில் நாலு அடி அடித்தேன். அடித்துவிட்டுச் சுருட்டிய காகிதத்தின் ஓட்டையைப் பார்த்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணில் அந்தக் குழலை வைத்துத் திரையைப் பார்த்தேன். கஸ்தூரி பார்த்த அதே சின்னத் துண்டு. மவுஸைப் பிடித்து மெனுவைத் திறந்தேன். திறந்ததா இல்லையா என்றே எனக்குத் தெரியவில்லை.

குழலைக் கையில் பிடித்தபடியே ஹெலன் மேடத்திடம் போனேன். அவர் வாங்கி, என் மேஜைக்கு வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் மானிட்டர்முன் நின்றபடியே மூன்று முறை பார்த்தார். பிறகு குழலைப் பிரித்தார். உள்பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது.

“என்ன செய்யணும் மல்லிகா?”

“மெனுவை மாத்தணும் மேடம்.”

“அதுக்கு முன்னாடி?”

எனக்குத் தெரியும். எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. தேர்ச்சி என்று எழுதிய அறிக்கையை, எழுதியவர்தான் திரும்பப் பெற முடியும். “நான் பார்த்தது தவறு” என்று எழுதி, காரணத்தைச் சொல்லி, வெப்சைட் செய்யச் சொன்னவர்களுக்கே அனுப்ப வேண்டும். அதுவரை அங்கே அப்படி ஒரு கடிதம் எழுதியவர் யாருமே இல்லை. முதல் ஆளாக நானா?

“எழுதறேன் மேடம்” என்றேன்.

“எழுதுங்க. கூடை என்னுது. அதையும் ஒரு வரி சேர்த்துக்கோங்க” என்றார். அந்த மனுஷிக்காக அன்றைக்கு நான் எதை வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

கடிதம் போன அரை மணி நேரத்தில் தேர்வு அமைப்பின் அதிகாரி போனில் வந்தார். கடைசி நாள் நெருங்கும்போது வெப்சைட்டில் கை வைக்கக் கூடாது, எல்லாம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். ஹெலன் மேடம் முழுவதையும் கேட்டார்.

“சரி சார். குறைபார்வை உள்ள தேர்வர்கள் விண்ணப்பிக்க முடியலைன்னு தெரிஞ்சும் மாத்த வேண்டாம்னு சொல்றீங்க. அதை ஒரு மெயில்ல போட்டுடுங்க, ஃபைல்ல வச்சுக்கறோம்.”

பிறகு, வியாழன் மதியத்துக்குள் என்றால் பரவாயில்லை என்று அவரே சொன்னார்.

புதன்கிழமை காலை ப்ரபு மாற்றிக் கொடுத்தான். அம்பை மேலே கொண்டுபோனால் திறக்காது. கிளிக் செய்தால்தான் திறக்கும், மறுபடி கிளிக் செய்யும்வரை மூடாது. பட்டியலும் திரை முழுக்கப் பரவாமல், கிளிக் செய்த சொல்லுக்கு நேர் கீழே ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கும். முகத்தில் அவ்வளவு பெருமை. நான் காகிதக் குழலை எடுத்துப் பார்த்தேன்.

“ப்ரபு, இதைக் கிளிக் பண்ணா திறக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“அம்புக்குறி இருக்கேக்கா.”

“எங்கே?”

“வலது ஓரத்துல.”

குழலை அவன் கையில் கொடுத்தேன். அவன் பார்த்தான். சொல் ஒரு கோடியில், திறக்கலாம் என்று சொல்லும் சின்ன அம்புக்குறி மறு கோடியில். குழலுக்குள் ஒன்று தெரிந்தால் இன்னொன்று தெரியாது. “அழகா இருக்கும்னு வரிசையா ஓரத்துல வச்சேன்” என்று முனகினான்.

“அழகை நீயே வச்சுக்கோ. அதைச் சொல்லுக்குப் பக்கத்துல ஒட்டி வை. தடிமனா, கருப்பா வை.”

சாயங்காலம்வரை இப்படியே. அவன் மாற்றுவான், நான் குழலில் பார்ப்பேன், மறுபடி அனுப்புவேன். ஒரு கட்டத்தில் பக்கத்து மேஜைக்காரர்களும் ஆளுக்கொரு காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றுதான் நினைத்திருப்பார்கள். வியாழன் மதியம் இரண்டரைக்குப் புது மெனு வெப்சைட்டில் ஏறியது. உடனே கஸ்தூரிக்குப் போன் செய்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

மூன்று மணிக்கும் ஸ்விட்ச் ஆஃப். மூன்றரைக்கும். அந்தப் பெண் சொன்னதைச் செய்கிற ஜாதி என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. நான் சொல்லாமல் அவள் போடமாட்டாள். கரையான்சாவடியில் எந்தத் தெரு என்றுகூட நான் கேட்டு வைக்கவில்லை. ப்ரபு, விசிட்டர் புத்தகத்தில் முகவரி இருக்கும் என்று ஓடினான். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன், ஆட்டோ பிடித்தாவது போய்விடலாம் என்று.

நாலு இருபதுக்கு என் போன் அடித்தது.

“மேடம், காலைலேர்ந்து எங்க ஊட்டாண்ட கரண்ட்டு இல்ல. போனும் செத்துப் போச்சு. இப்பத்தான் கரண்ட்டு வந்துச்சு. நீங்க போன் பண்ணீங்களா?”

“பண்ணினேனாவா? அடிப்பாவி! மெனு ரெடி, போய்ப் பாரு!”

“பாத்தாச்சு. போட்டாச்சு. எங்க குரூப்புல மிச்சம் இருந்தவங்களும் போட்டுகினு கீறாங்க. இன்னாத்துக்கு அழுவுறீங்க?”

“யாருடி அழுவுறா?” என்றேன். ப்ரபு தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஹெலன் மேடம் கூடையோடு வந்தார். நாங்கள் வழக்கம்போல் மவுஸைக் கழற்றப் போனோம். “காலையில வேண்டாம், மத்தியானத்துக்கு மேல எடுத்துக்கறேன்” என்றார். கூடையில் ஏற்கெனவே ஆளுக்கொன்றாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்ட காகிதக் குழல்கள் இருந்தன.

ப்ரபு, உங்கள் டூலை நான் குறை சொல்லவில்லை. நன்றாக ஓட்டுங்கள், வேலை மிச்சம். ஆனால் அந்தப் பழைய மெனுவை இன்றைக்கு அதற்குக் கொடுத்தாலும் பச்சை டிக்தான் போடும் என்று பந்தயம் கட்டுகிறேன். நான் போட்டேனே. டூல் போட்டது தப்பென்றால், “நான் பார்த்தது தவறு” என்று கடிதம் எழுத ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் பெயர் அறிக்கையில் இருக்கட்டும்.

கஸ்தூரி இப்போது செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு குடோன் ஆபீஸில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை போன் செய்து ஏதாவது ஒரு வெப்சைட்டைத் திட்டுவாள். தேர்வு முடிவு வந்த அன்று முதல் ஆளாக எனக்குத்தான் போன் செய்தாள்.

“ஊத்திக்கிச்சுக்கா.”

இதற்காகவா இவ்வளவும் என்று நினைத்தேன். அவளோ உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனாள்.

“அட, கேளுக்கா. கடைசிக் கேள்வி வரைக்கும் படிச்சேன்க்கா. ஒன்னு வுடல. எல்லாத்தையும் படிச்சு, யோசிச்சு, நானே தப்புத் தப்பா போட்டேன். மொத ரெண்டு வாட்டி அவனுங்க பேப்பரு என்னத் தோக்கடிச்சது. இந்த வாட்டி நானே தோத்தேன்க்கா.”